என்ன சோலியாப் போற?

எங்கள் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன சோலியாப் போற?" வெம்பக்கோட்டையிலிருந்து சாத்தூருக்குப் போனாலும் சரி, சிவகாசிக்குப் போனாலும் சரி, அதற்கொரு பதில் வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி, பேங்க், ரேஷன் கார்டு, கல்யாண வீடு, துட்டி வீடு. சோலி இல்லாமல் ஊரைவிட்டுப் போவது என்பது எங்கள் பேச்சிலேயே கிடையாது. 2025 ஜனவரிக் கடைசியில் முதுகுப்பைக்குள் துணிகளைச் சுருட்டிச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தபோது அம்மாவும் அதையேதான் கேட்டாள்.

"ஏன்த்தா, அங்க என்ன சோலி ஒனக்கு?"

"சோலி ஒண்ணுமில்லம்மா. சும்மா பாத்துட்டு வாரேன்."

"சும்மா பாக்கவா இம்புட்டுத் துட்டு?"

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறேன். காலண்டர் வேலைதான் அதிகம். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வெளியானதும் ஆர்டர்கள் வரத் தொடங்கும். அன்றிலிருந்து தை பிறக்கும்வரை முருகனையும் லட்சுமியையும் கடைப் பெயர்களுக்கு மேலே பொருத்திக்கொண்டே இருப்போம். மூன்று சீசன் ஓவர்டைம் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் முப்பது நாள் விடுகிறது. தாய்லாந்தும் அதையொட்டியே கதவைத் திறந்தது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம், அங்கிருந்து ரயில், படகு, வேன் என்று பாங்காக் வரை. மொத்தம் 32 நாள்.

எங்கள் வட்டாரத்தில் பெருமையாகச் சொல்லப்படும் பயணம் ஒன்று உண்டு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்று மறுவருடம் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, அச்சுத் தொழில் வந்தது. மழை பொய்க்கும் கரிசல் மண்ணுக்கு அந்தப் பயணம் சோறு போட்டது. நான் வாங்குகிற சம்பளத்திலும் அதன் பருக்கை இருக்கிறது. போனால் ஒரு தொழிலோடு திரும்ப வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிப்போனதில் வியப்பில்லை.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் முதுகுப்பைப் பயணிகள் தங்குகிற தெருவுக்குப் பெயர் சூலியா தெரு. நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களை அங்கே சூலியா என்பார்கள். 1786இல் ஆங்கிலேயர்கள் தீவில் கொடி நட்ட சில ஆண்டுகளுக்குள் இவர்கள் கடை போட்டுவிட்டார்கள். சற்றுத் தள்ளி 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தெருவிலேயே நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா. நான்கு எட்டில் குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில். இத்தனையும் சோலியாக வந்தவர்கள் விட்டுப்போன தடங்கள். கப்பலில் மூட்டை ஏற்றினார்கள், வட்டிக்குக் கொடுத்தார்கள், புத்தகம் விற்றார்கள், கங்காணிகளாக ஆள் பிடித்துக்கொண்டு வந்து ரப்பர் தோட்டத்தில் விட்டார்கள். எழுத்தாளர் ப. சிங்காரம் சிங்கம்புணரியிலிருந்து மேடானுக்குப் போனதும் வட்டிக்கடை வேலைக்காகத்தான். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' நாவலில் இந்தப் பினாங்கும் வருகிறது.

நான் தங்கிய விடுதி அறையில் எட்டுக் கட்டில்கள். ஜெர்மனியிலிருந்து ஒருத்தி, அர்ஜென்டினாவிலிருந்து இருவர், கொரியாவிலிருந்து ஒருத்தி. எத்தனை நாளாகச் சுற்றுகிறாய், அடுத்து எந்த ஊர், அந்த ஊரில் எது மலிவு என்று ஓயாமல் பேசிக்கொண்டார்கள். எதற்காக வந்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. முதல் இரவு அது எனக்கு ஒருவகையில் பயமாகக்கூட இருந்தது. கேள்வி கேட்காத ஊரில் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதுபோல. அவர்களுக்கு இருபது வயதில் ஒரு வருடம் ஊர் சுற்றுவது படிப்பு முடிந்ததும் செய்கிற காரியம். அதற்கு அவர்கள் நாட்டில் பெயரே உண்டு. அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தத் தெருவின் பெயருக்குச் சொந்தக்காரர்களின் பேத்திகளில் எத்தனை பேர் அந்தக் கட்டில்களில் படுத்திருப்பார்கள் என்று நினைத்தபடிதான் தூங்கினேன்.

மறுநாள் காலை ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் தினசரிக் காலண்டர் தொங்கியது. வேலைப் பழக்கத்தில் கண் முதலில் அடியோரத்துக்குத்தான் போனது. பொடி எழுத்தில் 'சிவகாசி' என்று இருந்தது. வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருந்தன. எந்த மிஷினில் ஓடியிருக்கும் என்றுகூட ஒரு யூகம் வந்தது. எங்கள் ஊர்த் தாள் எனக்கு முன்பே விசா எடுத்துக்கொண்டு வந்து அங்கே நாளொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் பெரியவர். விருதுநகர்ப் பக்கம் என்றதும், "பட்டாசு ஊரா? அப்போ சமயம் பார்த்துத்தான்மா வந்திருக்கீங்க. இன்னிக்கு ராத்திரி ஜெட்டிக்குப் போங்க" என்றார்.

அன்று பிப்ரவரி 5. சீனப் புத்தாண்டின் எட்டாம் இரவு. நள்ளிரவில் ஒன்பதாம் நாள் பிறக்கும்போது ஹொக்கியன் சீனர்கள் வானத்து அரசனுக்குப் படையல் போடுகிறார்கள். முன்னொரு காலத்தில் எதிரிகளுக்குத் தப்பி அவர்களின் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து பிழைத்தார்களாம். அதனால் ஒவ்வொரு படையல் மேசையின் இரு பக்கமும் தோகையோடு கரும்பு கட்டியிருந்தார்கள். பொங்கல் முடிந்து மூன்று வாரமே ஆன எனக்கு அந்தக் கரும்பைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றி அதன்மேல் கட்டிய வீடுகளின் வரிசை அந்தச் சூ ஜெட்டி. கப்பல் கூலிகளாக வந்த சூ வம்சத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அங்கே குடியிருக்கிறார்கள்.

நள்ளிரவில் சரவெடியைக் கொளுத்தினார்கள். ஆளுயரத்துக்கும் மேலே, சிவப்புத் தாள் சுற்றிய சரம். பிறகு கடலுக்குமேல் பேன்சி ரகங்கள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் கீழே பார்த்தேன். கொளுத்துகிறவன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள், ஓட வழி எந்தப் பக்கம். பட்டாசு ஊரில் பிறந்தவர்களுக்கு வேடிக்கை பார்க்கக் கண் பழகியிருக்காது. அம்மா பதினோரு வருடம் சரம் பின்னினாள். கூலி எத்தனை சரம் என்ற கணக்கில். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டதும் அந்த வேலை நின்றது. பேரியம்தான் வெடியில் பச்சை நிறத்தைக் கொடுப்பது, சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். ஜெட்டிக்கு மேலே பச்சையாக ஒன்று விரிந்தபோது, அம்மா பக்கத்தில் இருந்தால் அதன் மருந்தைப் பெயர் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது.

அந்தப் பொறிகளுக்கு எங்கள் ஊரில் மணி மருந்து என்று பெயர். மருந்தைக் குழைத்து, உருட்டி, காய வைத்த சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையும் மேலே போய் ஒரு நட்சத்திரமாக எரியும். உராய்ந்தால் கீழேயே எரியும். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம் பட்டாசு ஆலை: செத்தவர்கள் இருபதுக்கும் மேல். 2024 பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி: பத்துப் பேர். இரண்டுமே எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம். அந்தப் பிப்ரவரி இரவில், வெடிச் சத்தம் கேட்டு யாரும் யாருக்கும் போன் போடாத ஓர் ஊரில் நின்றேன். சத்தம் வந்தால் மகிழ்ச்சி என்று மட்டுமே அர்த்தம் ஆகிற இடம் உலகத்தில் இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். அதற்காக மட்டுமே அந்தப் பயணம் என்றாலும் எனக்குச் சம்மதம்.

தைப்பூசம் வரை இருந்துவிட்டு எல்லை தாண்டினேன். வழியில் கெடா மாநிலம், நம் கடாரம். புஜாங் பள்ளத்தாக்கில் இடிந்த கோயில்களின் அடித்தளங்களைப் பார்த்தேன். தமிழ்நாட்டில் இந்தக் கரையைப் பற்றிப் பேச்செடுத்தால் 1025இல் ராஜேந்திர சோழனின் படையெடுப்பில்தான் போய் நிற்போம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஒரு துறைமுகத்தைக் கொள்ளையடித்ததைச் சொல்லி ஆயிரம் வருடம் கழித்தும் மார்தட்டுவது நமக்கு அழகல்ல. அந்தக் கரையில் நமக்கு உண்மையாகவே பெருமை தரக்கூடிய பொருள் ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கல் அது.

தாய்லாந்தின் கிராபி நகரத்துக்குத் தெற்கே க்ளோங் தோம் என்று ஓர் ஊர். கடற்கரைக்குப் போகிற பயணிகள் அதை வேன் ஜன்னல் வழியாகக் கடந்துபோய்விடுவார்கள். அங்கே குவான் லூக் பாட் என்றொரு மேடு. தாய் மொழியில் அதற்கு மணி மேடு என்று பொருள். மழை பெய்தால் மண்ணிலிருந்து கண்ணாடி மணிகள் வெளியே வரும். ஊர்க்காரர்கள் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்ததை அங்குள்ள புத்த விகாரையில் சேர்த்து ஓர் அருங்காட்சியகம் வைத்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று கடுகளவும் மிளகளவுமாக மணிகள். முகம் வரைந்த மணிகள். சூதுபவளம். அவற்றோடு சேர்ந்து கிடைத்தது ஒரு பொற்கொல்லரின் உரைகல். அதில் தமிழ்பிராமியில் எட்டு எழுத்துகள்: பெரும்பதன் கல். பெரும்பத்தனுடைய கல் என்று படித்திருக்கிறார்கள். காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு.

எங்கள் பக்கம் நகை செய்கிறவரை இன்றைக்கும் பத்தர் என்றுதான் சொல்கிறோம். பத்தரிடம் போய்க் காது குத்தினோம், பத்தரிடம் தோட்டை அழித்துச் செய்தோம் என்பது வீட்டுப் பேச்சு. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பத்தர் கடல் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறார். தன் கல் காணாமல் போய்விடக் கூடாது என்று பெயரை வெட்டி வைத்திருக்கிறார். எந்த ராஜாவின் பெயரும் அதில் இல்லை. எவர்சில்வர் தூக்குவாளியில் பெயர் வெட்டிக் கொடுக்கும் எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. இன்னும் வடக்கே ரனோங் பக்கம் பூ காவ் தோங்கில் 2ஆம் நூற்றாண்டுப் பானையோடு ஒன்றில் சில தமிழ்பிராமி எழுத்துகள் கிடைத்தன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைத் துறவோன் என்ற சொல்லின் பகுதியாகப் படித்தார். பத்தரும் போயிருக்கிறார், துறவியும் போயிருக்கிறார். துறவிக்கு என்ன சோலி இருந்திருக்கும்?

மணி மேட்டைப் பார்த்தபோது எனக்கு எங்கள் மேட்டுக்காடு ஞாபகம் வந்தது. வெம்பக்கோட்டையை ஒட்டிய விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில் உள்ள மேட்டை ஊரில் அப்படித்தான் சொல்வோம். 2022 மார்ச்சில் தொல்லியல் துறை அங்கே குழி போட்டது. பிறகு இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். சங்கு வளையல் துண்டுகள், சுடுமண் பொம்மைகள், தந்தத்தில் செய்த பகடை, தங்கத் துணுக்குகள், கண்ணாடி மணிகள், திமிலோடு பாயும் காளையைச் செதுக்கிய சூதுபவளம் எல்லாம் கிடைத்தன. சங்கு மன்னார் வளைகுடாவிலிருந்து வந்திருக்கும். வைப்பாறு அங்கேதான் கடலில் சேர்கிறது. சூதுபவளக் கல் நம் மண்ணில் விளையாதது, குஜராத் பக்கத்திலிருந்து வர வேண்டும். ஆக, வானம் பார்த்த பூமி என்று நாங்கள் சொல்லிக்கொள்கிற அந்தக் கரிசலுக்கு இரண்டு பக்கமும் பாதை இருந்திருக்கிறது.

அம்மா சில வாரம் குழி வேலைக்குப் போனாள். பட்டாசு ஆபீசில் வேலை குறைந்திருந்த நேரம். தோண்டிய மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்து, தங்குவதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். "பாசி கெடச்சா கைல எடுத்ததும் தெரிஞ்சிரும், மண்ணு மாதிரி இருக்காது, வழுக்கும்" என்பாள். பொடி மருந்தைத் தொட்டே பதம் சொல்லிப் பழகிய விரல்கள் அவை. அந்த மணிகளைச் செய்த முறையைப் பற்றிப் பின்னால் படித்தேன். உருகிய கண்ணாடிக் குழம்பை நடுவில் துளை விழும்படி நீளக் குழலாக இழுப்பார்கள். ஆறியபின் பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு மறுபடி சூடாக்கினால் முனை மழுங்கி உருண்டுவிடும். அரிக்கமேட்டில் செய்த இந்தக் கைவேலைதான் கடல் தாண்டி அந்த மேடு வரைக்கும் போயிருக்கிறது. க்ளோங் தோமில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, அந்த மணிகளை நறுக்கியவர்களின் விரல்களைப் பற்றித்தான் யோசித்தேன். நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கைக் கணக்கில் வேலை செய்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

பிறகு ஆறு நாள் ஆவோ நாங் கடற்கரை. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் கடலுக்குள்ளேயே நிற்கும். நீண்ட வால் படகுகளின் மூக்கில் கலர் துணி கட்டியிருப்பார்கள். அழகைப் பற்றி அதற்குமேல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத்தான் நிறைய இருக்கிறது. முதல் இரண்டு நாள் மணலில் கால் மணி நேரம் உட்கார முடியவில்லை. துணி துவைத்தேன், கணக்கு எழுதினேன், பையை மறுபடி அடுக்கினேன். கைக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மாலை, தண்ணீர் உள்வாங்கி நெடுந்தூரம் ஈரமணல் தெரிந்தபோது, ஒன்றும் செய்யாமல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மா டிவி பார்க்கும்போதுகூடப் பூண்டு உரிப்பாள்.

என் சும்மாவுக்குப் பின்னால் அங்கே பலருடைய சோலி இருந்தது என்பதும் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். சோளம் சுட்டு விற்றவள், தோள் அமுக்கிவிடும் பெண்கள், விடுதியில் போர்வை மாற்றிய பர்மாக்காரப் பெண். போர்வை மாற்றியவள் என் வயதுதான். ஊரில் அம்மா இருக்கிறாள், பணம் அனுப்புகிறேன் என்று கையால் காட்டினாள். நானும் அம்மா என்றேன். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பாங்காக்கைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. பேர்போன காவ்சான் தெருவின் பெயருக்குக் குத்தின அரிசி என்று பொருள். அரிசிச் சந்தை இருந்த இடம். சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் தாய் மக்கள் வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். கால் நின்ற இடம் காஞ்சனபுரி.

பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து அங்கே போகும் ரயிலில் வெளிநாட்டவருக்கு 100 பாட். குவாய் நதிப் பாலத்தில் ஊர்ந்துபோகும்போது எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டுகிறார்கள். உலகப் போரின்போது சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது. ஜப்பானியர்கள் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம் பேர். ஊரின் நடுவே போர்க் கல்லறை இருக்கிறது, ஏறக்குறைய 7,000 கல். பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. வயதுகளை வாசித்துக்கொண்டே நடந்தேன்: 23, 26, 21. புல் அவ்வளவு ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளி ஒருவருக்கும் அங்கே கல் கிடையாது. காலராவில் போனவர்களைக் காட்டிலேயே மொத்தமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதியிருக்காவிட்டால் தமிழில் அவர்களுக்கு அந்த அளவுகூட இடம் இருந்திருக்காது.

பத்தர் தன் கல்லில் தானே பெயர் வெட்டிக்கொண்டார். இவர்களுக்கு யாரும் வெட்டவில்லை. இந்த இரண்டையும் ஒரே நாட்டில் இரண்டு வாரத்துக்குள் பார்த்தபிறகு, நம் ஆட்கள் கடல் தாண்டியதை ஒரே பெருமையாகவோ ஒரே அவலமாகவோ என்னால் பேச முடியாது. ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகிவிட்டது. அந்தத் தண்டவாளத்தில் செத்தவர்களுக்கு மறுக்கப்பட்டவற்றில் முதலாவது, பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. போவதற்கு அவர்களைக் கேட்கவில்லை, வருவதற்கு விடவில்லை. சும்மா போய்ப் பார்த்துவிட்டு வீடு திரும்புவதை வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று இனி நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது எங்களுக்கும் சேர வேண்டிய பாக்கி.

மார்ச் முதல் வாரம் வீடு வந்தேன். அம்மா பையை வாங்கி வைத்துவிட்டுச் சோறு போட்டாள். பாலத்தையும் பாறையையும் போனில் காட்டினேன், தலையை ஆட்டினாள். க்ளோங் தோம் மணிகளின் படம் வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். இரண்டு விரலால் பெரிதாக்கி, முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இது நம்ம மேட்டுக்காட்டுப் பாசில்லா?"

"அங்கயும் ஒரு மேடு இருக்கும்மா. அதுக்குப் பேரே பாசி மேடுதான்."

"யாரு சலிச்சாகளாம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அருங்காட்சியகத்தில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா போயிருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாள்.

பட்டாசு ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் அச்சகத்திலும் வேலை பார்க்கிற எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். நம் ஊரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போக அதைப்போல் இரண்டு மடங்குக்குமேல் ஆகும். சீசன் முடிந்ததும் போங்கள், முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன சோலியாப் போற என்று தெருவில் கேட்டால் பாசி பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். க்ளோங் தோம், கிராபியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.